உங்கள் டிசைன் உங்கள் நோட்டிலிருந்து வரட்டும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் ஃபேஷன் டிசைன் படிக்கிற, தையல் பழகுகிற, யூனிட்டில் தைத்துக்கொண்டே என்றைக்காவது சொந்தமாக ஒரு டிசைன் போட வேண்டும் என்று நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு,



உங்கள் போர்ட்ஃபோலியோக்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்குப் பல வருடமாக இருக்கிறது. அந்த உரிமையில் ஒரு விஷயத்தை உங்கள் எல்லாரிடமும் நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் நன்றாகத் தைக்கிறீர்கள். அளவு பிசகுவதில்லை. கழுத்துப் பட்டி சுருக்கம் விழாமல் உட்காருகிறது. உங்கள் கையைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. போர்ட்ஃபோலியோவின் முதல் நாலு பக்கத்தைப் புரட்டும்போதுதான் மனசு வலிக்கிறது.

அந்த நாலு பக்கத்தில் 'இன்ஸ்பிரேஷன்' என்று தலைப்புப் போட்டு என்ன ஒட்டியிருக்கிறீர்கள்? ஜப்பானின் செர்ரிப் பூ. பாரிஸின் ஒரு தெரு. பாலைவன மணல்மேடு. இன்டர்நெட்டில் எடுத்து, கலர் பிரிண்ட் போட்டு, வெட்டி ஒட்டிய படங்கள். நீங்கள் போகாத ஊர், தொட்டுப் பார்க்காத பூ, காலில் படாத மணல். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் போர்ட்ஃபோலியோவிலும் அதே செர்ரிப் பூ இருக்கிறது. சென்னையில் படிக்கும் பிள்ளையிடமும் இருக்கிறது, சூரத்தில் படிக்கும் பிள்ளையிடமும் இருக்கிறது. இத்தனை பேரிடம் இருக்கிற ஒரு படத்திலிருந்து உங்களுக்கு மட்டும் புதிதாக ஒரு சட்டை எப்படிப் பிறக்கும்?

விஷுவல் டைரி என்று உங்கள் பாடத்திட்டத்தில் ஒன்று வருகிறது. கண்ணில் பட்டதை அன்றன்றைக்கு வரைந்து, ஒட்டி, எழுதி வைத்து, அதிலிருந்து ஆடைக்கான யோசனையை வளர்க்கும் நோட்டு அது. உங்களில் பலர் அதைச் சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக முடிக்கிறீர்கள். ஒரே பேனா, ஒரே பசை, ஒரே கையெழுத்து. தேதி மட்டும் மாறி மாறிப் போட்டிருக்கும். மார்க் கிடைத்துவிடுகிறது. நோட்டு பரணுக்குப் போய்விடுகிறது. டிசைனராக வேண்டும் என்று ஆசைப்படும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்து செர்ரிப் பூவை வெட்டி ஒட்டுகிறீர்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் மில் தொடங்கிய நாளிலிருந்து இந்த மண்ணில் நூல் ஓடிக்கொண்டிருக்கிறது. கூப்பிடு தூரத்தில் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி என்றாலே நினைவுக்கு வரும் ஊர். தளவாய்புரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நைட்டி தைக்காத தெருவைத் தேட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வந்தால் சுந்தரபாண்டியத்தில் கைத்தறிச் சேலை. பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி உடுப்பாகும் எல்லா வேலையும் ஒரு பஸ் டிக்கெட் தூரத்துக்குள் நடக்கிறது. இப்படி ஒரு வசதி எத்தனை டிசைன் கல்லூரிகளுக்கு வாய்க்கும்?

அப்படியிருந்தும், எந்தப் பூ, எந்த நிறம், எந்தக் கழுத்து என்ற முடிவு மட்டும் பெரும்பாலும் வெளியூரில் எடுக்கப்படுகிறது. பிரிண்ட் போட்ட துணி ரோலாக வந்து இறங்குகிறது. கட்டிங் மாஸ்டர் வெட்டுகிறார், நீங்கள் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில், வெளியூர் வியாபாரி ஒருவர் ஒரு சாம்பிளை மேஜையில் போட்டு, "இதே மாதிரி வேணும், பீஸுக்கு ரெண்டு ரூபா குறைச்சுக்கோங்க" என்று சொன்னதை நேரில் பார்த்தேன். அங்கே தைத்துக்கொண்டிருந்த பெண்களில் யாரும் தலை நிமிரவில்லை. அவர்களிடம் திறமை இருந்தது. 'எங்களிடமும் ஒரு டிசைன் இருக்கிறது, பாருங்கள்' என்று எடுத்து நீட்ட ஒரு தாள் இல்லை. சாம்பிள் நம்முடையதாக இல்லாதவரை விலை சொல்லும் வாயும் நம்முடையதாக இருக்காது. கூலி பேசும் இடத்தில் நமக்கு உட்கார நாற்காலி வேண்டுமென்றால் டிசைன் நம் நோட்டிலிருந்து வர வேண்டும்.

"போனில் ஆயிரம் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேனே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. போட்டோ எடுக்க ஒரு நொடி ஆகிறது. அந்த நொடியில் நீங்கள் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. வரையும்போது எந்தக் கோடு முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று உங்கள் கண் ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்கிறது. டிசைன் என்பதே அந்த முடிவுகள்தான். தூணில் இருக்கும் சிலையின் இடுப்புக் கச்சையைப் போட்டோ எடுத்தவரிடம், கச்சையின் முனை எந்தப் பக்கம் செருகியிருந்தது என்று மறுநாள் கேட்டுப் பாருங்கள். போனை எடுத்துத் தேடுவார். வரைந்தவர் பட்டென்று சொல்வார். இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோயிலுக்குள் உங்களோடு தடையில்லாமல் வரக்கூடியது உங்கள் கண்தான். வெளியே வந்ததும் மண்டப நிழலில் உட்கார்ந்து, பார்த்ததை நினைவிலிருந்து வரையுங்கள். நினைவில் தங்கியது எதுவோ, அதுதான் உங்களைத் தொட்டது.

இப்படிப் பார்த்து வரைவது வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்த வழக்கம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். சில்பி என்ற பெயரில் வரைந்த சீனிவாசனைத் தெரிந்துகொள்ளுங்கள். நாமக்கல்லில் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்து கோட்டோவியமாக வரைந்தார். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று அவை வந்தன. அந்தப் படங்களை நூலகத்தில் தேடிப் பாருங்கள். பக்தியோடு பார்ப்பவர்கள் பார்க்கட்டும். நீங்கள் தையல்காரரின் கண்ணோடு பாருங்கள். மடிப்பு எங்கே தொடங்குகிறது, இடுப்பில் எத்தனை சுற்று, மேகலை எந்த எலும்பின்மேல் உட்காருகிறது, முந்தானையின் கனம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அத்தனையும் அதில் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்த கண்ணுக்குத்தான் இது சிக்கும்.

நெசவும் இப்படித்தான் வளர்ந்தது. காஞ்சிபுரத்துச் சேலையில் தாழம்பூ ரேக்கும் மல்லிமொக்கும் ருத்ராட்சமும் மயில்கண்ணும் எங்கிருந்து வந்தன? தங்களைச் சுற்றி இருந்ததை உற்றுப் பார்த்தவர்கள் தறிக்குக் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, புபுல் ஜெயகர் போன்றவர்களின் முயற்சியில் 1950-களில் நெசவாளர் சேவை மையங்கள் வந்தபோது, ஓவியர்களை நெசவாளர்களோடு சேர்த்து உட்கார வைத்ததும் இந்த எண்ணத்தில்தான். வெளிநாட்டு உதாரணமே வேண்டும் என்றால் இங்கிலாந்தின் சாண்ட்ரா ரோட்ஸைப் பாருங்கள். 1969-இல் தன் பெயரில் கொண்டுவந்த முதல் தொகுப்பில் பின்னல் கண்ணிகளையே அச்சு வடிவமாக்கினார். ஸ்வெட்டர் பின்னும் எல்லாரும் தினம் பார்க்கிற கண்ணி அது. அவர் அதை நோட்டில் வரைந்தார், பெரிதாக்கினார், வட்டமாக்கினார், துணியில் அடித்தார். அசாதாரணமான பொருள் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

சரி, நம் ஊரில் எதை வரைவது, வரைந்தது எப்படி உடுப்பாகும் என்று கேட்பீர்கள். இரண்டே இரண்டு பொருளை எடுத்துப் பக்கம் பக்கமாகச் சொல்கிறேன். மீதியை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

முதலாவது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் ஆண்டாளின் கிளி. தினமும் புதிதாகச் செய்து தாயாரின் இடது கையில் வைக்கிற பச்சைக் கிளி. ஒன்றைச் செய்ய ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகும் என்பார்கள். மாதுளம்பூ மூக்காகிறது, மூங்கில் குச்சி காலாகிறது, இலைகள் உடம்பாகின்றன. வாழையும் நந்தியாவட்டையும் அரளி இதழும் சேர்கின்றன. இதைப் பார்த்ததும் உங்களுக்கு வரும் முதல் யோசனை எனக்குத் தெரியும்: கிளியை அப்படியே துணியில் பிரிண்ட் அடிப்பது. அந்த யோசனையை முதல் பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். எல்லாருக்கும் வருகிற யோசனை அது. அதோடு, கும்பிடுகிற ஒன்றை நைட்டியில் அச்சடிப்பது நம் ஊர் மனசுக்கும் ஒப்பாது.

இரண்டாவது பக்கத்தில் நிறம் மட்டும். பத்துக் கட்டம் போடுங்கள். கிளியில் எத்தனை பங்கு பச்சை, எத்தனை பங்கு வெள்ளை, எத்தனை பங்கு சிவப்பு என்று கண்ணால் அளந்து நிரப்புங்கள். ஏழெட்டுக் கட்டம் பச்சையில் போய்விடும்; சிவப்புக்கு ஒரு கட்டம் மிஞ்சினால் அதிகம். அந்த ஒரு கட்டச் சிவப்புதான் முழு உருவத்தையும் உயிரோடு வைத்திருக்கிறது என்பது அப்போது புரியும். பச்சையும் ஒரே பச்சை இல்லை. இலையின் முகம் ஒரு பச்சை, முதுகு வேறொரு பச்சை. கடையில் நூல் கண்டு வாங்கி, பொருந்துகிற நூலை இரண்டு அங்குலம் வெட்டிக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். உங்கள் அடுத்த சுடிதாரின் நிறக் கணக்கு முடிந்தது.

மூன்றாவது பக்கத்தில் கட்டுமானம். இலை மேல் இலை எப்படி அடுக்கியிருக்கிறது, ஒரு இலையின் காம்பை இன்னொரு இலை எப்படி மறைக்கிறது, அடுக்கு முடிகிற இடத்தை எது பிடித்துக் கட்டுகிறது என்று அம்புக்குறி போட்டு எழுதுங்கள். நாலாவது பக்கத்தில் கிளியை மறந்துவிட்டு அந்த அடுக்கை மட்டும் தோள்பட்டையில் வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இதழ் மாதிரி ஒரு கை. உள்ளடுக்கு இலையின் முதுகுப் பச்சையில், வெளியடுக்கு முகத்துப் பச்சையில். கைவிளிம்பில் மட்டும் மாதுளம்பூச் சிவப்பில் மெல்லிய பைப்பிங். ஐந்தாவது பக்கத்தில் செய்தித்தாளை வெட்டி மடித்து, அந்தக் கை உண்மையில் நிற்கிறதா என்று பார்த்து, தோற்ற இடத்தைக் குறித்து வையுங்கள். ஆறாவது பக்கத்துக்குள் காடாத் துணியில் தைத்த மாதிரியின் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். இப்போது அந்த உடுப்பில் கிளியும் இல்லை, கோயிலும் இல்லை. ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்க்காத ஒருவர் அதைச் செய்திருக்க முடியாது.

இரண்டாவது பொருள் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி. தினமும் பார்த்துப் பார்த்து உங்களுக்கு அது துணியாகவே தோன்றுவதில்லை. ஒரு சாண் துண்டை நோட்டில் ஒட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பாவும் ஊடும் ஒன்று விட்டு ஒன்று போகிற சாதாரண நெசவுதான். ஆனால் நூலைவிட இடைவெளி பெரிது. இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேல்துண்டை மெதுவாகத் திருப்புங்கள். இல்லாத அலைக்கோடுகள் கிளம்பி ஓடும். அந்த அலையை வரையுங்கள். சிவப்புக் காகிதத்தின்மேல் ஒரு துண்டு, நீலத்தின்மேல் ஒரு துண்டு வைத்து நிறம் எவ்வளவு மங்குகிறது என்று எழுதுங்கள். நாலு நூலை உருவி, ஒரு இடைவெளி விட்டு, இன்னும் நாலு நூலை உருவுங்கள். செலவில்லாமல் கோடு போட்ட துணி கிடைக்கும். நனைத்து முறுக்கிக் காயவைத்து, விழுந்த சுருக்கத்தையும் ஒட்டுங்கள்.

பிறகு அதை மிஷினில் கொடுத்துப் பாருங்கள். தையல் ஓரத்தில் நூல் விலகி வாய் பிளக்கும். இதையும் நோட்டில் எழுத வேண்டும், இதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். அப்படியானால் இந்தத் துணி தனியாக எடையைத் தாங்காது. அடியில் மல்துணி வைத்து, ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் கொடுத்து, இழுவை விழாத இடத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற முடிவுக்கு நீங்களே வருவீர்கள். மார்புப் பட்டியின்மேல் ஒரு அடுக்கு, துப்பட்டாவின் இரண்டு முனை, குழந்தைச் சட்டையின் கழுத்துக்குக் கீழே ஒரு மடிப்பு என்று இடங்கள் கண்ணில் படும். எந்தப் புத்தகத்திலும் படிக்காத பாடம் இது. நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற, காற்றோட்டமான ஒரு உடுப்பு வரிசை சத்திரப்பட்டித் துணியிலிருந்து ஏன் வரக் கூடாது?

இந்த இரண்டோடு முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் பதினொரு நிலை ராஜகோபுரம் 192 அடி உயரம் போயும் கனமாகத் தெரியாததற்குக் காரணம், ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடச் சுருங்கிக்கொண்டே போவதுதான். அடுக்குப் பாவாடையில் எல்லா ஃப்ரில்லையும் ஒரே உயரத்தில் வைத்து இடுப்பைக் கனமாக்குகிறவர்கள் அந்தச் சுருக்கத்தை ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும். ஆடிப்பூரத் தேரில் தொங்கும் தொம்பைகளில் துணிமேல் துணி வெட்டி வைத்துத் தைக்கும் வேலையின் முழுப் பாடமும் இருக்கிறது. செண்பகத்தோப்பு மரங்களில் ஓடும் நரை அணிலின் வாலைப் பாருங்கள். ஒவ்வொரு மயிரிலும் கறுப்பும் வெள்ளையும் கலந்து தூரத்தில் சாம்பலாகத் தெரிவது, இரண்டு நிற நூலை முறுக்கி நெய்தால் வரும் அதே கலவை. ராஜபாளையம் நாயின் வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் ஒரு பிள்ளைச் சட்டைக்குப் போதுமான நிறச்சேர்க்கை. மழைக்கு முன்னால் மேற்கே மலை எத்தனை நீலமாகப் பிரிகிறது என்று உங்களில் யாராவது எண்ணியிருக்கிறீர்களா?

உங்கள் தயக்கங்களும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பேசிவிடுவோம்.

"எனக்கு வரைய வராதே" என்கிறீர்கள். விஷுவல் டைரி ஓவியப் போட்டி அல்ல. கோணலான கோடும், அம்புக்குறியும், பக்கத்தில் நாலு வார்த்தையும் போதும். வரையவே முடியாவிட்டால் ஒட்டுங்கள். காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து, மரக்கதவின் செதுக்கலை அப்படியே எடுங்கள். அதோடு, வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்த கை உங்களில் பாதிப் பேரிடம் இருக்கிறது. புள்ளிக் கணக்கு, நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று நீங்கள் சின்ன வயதில் பழகியதைத்தான் பிரிண்ட் டிசைனர்கள் கம்ப்யூட்டரில் ரிப்பீட் என்று செய்கிறார்கள். வரையத் தெரியாது என்று நீங்கள் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

"நேரம் இல்லை" என்கிறீர்கள். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் காசு என்பதை மறந்து நான் பேசவில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் கேட்கிறேன். டீ குடிக்கிற நேரத்தில், கட்டிங் டேபிளுக்கு அடியில் விழுந்த வெட்டுத் துண்டுகளில் இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நன்றாக இருந்தால் ஒட்டி, ஏன் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். நாள் முழுக்க இத்தனை பிரிண்ட் கைவழியே போகிற வாய்ப்பு பெரிய கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அந்த அனுபவத்தைக் குப்பைச் சாக்கில் போட்டுக் கட்டிவிடாதீர்கள்.

"மார்க்கெட்டில் கேட்பதைத்தானே தைக்க முடியும்" என்கிறீர்கள். உண்மைதான். கேட்பதைத் தையுங்கள், வீடு நடக்க வேண்டும். ஆனால் சாம்பிள் காட்டுகிற நாளில், கேட்ட சாம்பிளுக்குப் பக்கத்தில் உங்கள் நோட்டிலிருந்து பிறந்த ஒரே ஒரு பீஸையும் வையுங்கள். முதல் தடவை வேண்டாம் என்பார்கள், இரண்டாம் தடவையும் சொல்லலாம். ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதை எழுதி வைத்தால் அதுவும் டைரியில் ஒரு பக்கம். அந்தப் பக்கம் இல்லாமல் நாலாவது சாம்பிள் சரியாக வராது.

இன்னொரு காரணம் உங்கள் எதிர்காலத்தைப் பற்றியது. நிஃப்ட் போன்ற நிறுவனங்களின் நுழைவுத் தேர்வில் வரைந்து யோசிக்கும் திறனுக்கென்றே ஒரு தாள் வைக்கிறார்கள். தினமும் பார்த்து வரைந்த பிள்ளைக்கு அந்தத் தாள் புதிதாக இருக்காது. ஒரு மாதக் கோச்சிங்கில் அந்தப் பழக்கத்தை வாங்க முடியாது. வேலைக்கான நேர்காணலிலும் முடிந்த உடுப்பின் போட்டோவை எல்லாரும் காட்டுவார்கள். அது எப்படிப் பிறந்தது, எங்கே தடுக்கி விழுந்தது, எப்படி எழுந்தது என்று பக்கம் பக்கமாகக் காட்டுகிறவரிடம்தான் அடுத்த கேள்வி கேட்பார்கள்.

உரிமை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, ஒரு புதிய வடிவமைப்பைப் பதிவு செய்தால் பத்து வருடம் பாதுகாப்பு உண்டு. அதை இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். ஆனால் பதிவுக்கு முன்பே அது வெளியாகியிருக்கக் கூடாது. ஆசையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாகிராமிலோ போட்டுவிட்டு அப்புறம் பதிவுக்குப் போனால், ஏற்கெனவே வெளியானதைக் காரணம் காட்டி மறுக்க இடமிருக்கிறது. அதனால் புது யோசனையின் முதல் வீடு உங்கள் நோட்டாகவே இருக்கட்டும். தேதியோடு படிப்படியாக வளர்ந்த பக்கங்கள், இது என் யோசனை என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் பக்கம் நின்று பேசும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு இனிப்பின் பெயரைக் காக்க இந்த ஊரால் முடிந்தது என்றால் உங்கள் டிசைனின் பெயரை நீங்கள் காக்க முடியாதா?

இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. டைரியின் அழகுக்கு மார்க் போடாதீர்கள். பளபளவென்று இருக்கிற நோட்டு பெரும்பாலும் ஒரே ராத்திரியில் பிறந்தது. பசை உலர்ந்து, மூலை மடங்கி, அடித்துத் திருத்திய நோட்டுக்கு மார்க் கொடுங்கள். கடைசியில் ஒருமுறை வாங்கிப் பார்ப்பதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை கையில் வாங்கிப் புரட்டுங்கள்.

பிள்ளைகளே, இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன்.

கோடு போடாத ஒரு நோட்டு வாங்குங்கள். விலை உயர்ந்தது வேண்டாம். கெட்டி அட்டை இருந்தால் போதும். இடது பக்கத்தில் பார்த்தது, வலது பக்கத்தில் அது என்னவாகலாம் என்ற யோசனை. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், ஒரு வரி காரணம். எந்தப் பக்கத்தையும் கிழிக்காதீர்கள்; இன்றைக்குப் பிடிக்காத பக்கம் ஆறு மாதம் கழித்து உதவும். அடுத்தவர் டிசைனைப் பார்த்து வரைந்தால் அது யாருடையது என்று எழுதுங்கள். கோயிலிலோ தறிக்கூடத்திலோ வரையப் போனால் அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு வரையுங்கள். நெய்கிறவரின் பெயரையும் சம்மதம் வாங்கிப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் மூன்று மாதமாவது இன்டர்நெட் படம் ஒன்றுகூட அந்த நோட்டுக்குள் வர வேண்டாம்.

அடுத்த ஆடிப்பூரம் வரைக்கும் இதைச் செய்யுங்கள். தேரோட்டம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்துப் பிள்ளைகளும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளும் தளவாய்புரத்தில் தைக்கிறவர்களும் ஒரு இடத்தில் கூடி, நோட்டுகளை விரித்து ஒருவருக்கொருவர் காட்டுங்கள். பள்ளிக்கூட வராந்தாவோ கல்யாண மண்டபமோ போதும். சுந்தரபாண்டியத்து நெசவாளர்களையும் சத்திரப்பட்டித் தறிக்காரர்களையும் நாலு யூனிட் முதலாளிகளையும் கூப்பிடுங்கள். அவர்கள் உங்கள் நோட்டைப் புரட்டிவிட்டு, 'இந்தப் பக்கத்தை எனக்கு ஒரு சாம்பிளாகத் தைத்துக் கொடு, விலையை நீயே சொல்லு' என்று ஒரே ஒரு பிள்ளையிடம் கேட்டால்கூட, இந்த வட்டாரத்தில் ஒரு புது வழக்கம் தொடங்கிவிடும். நூலும் தறியும் தையலும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. டிசைனையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே முதல் பக்கத்தில் தேதி போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடனும் உங்கள்மேல் முழு நம்பிக்கையுடனும்,
உங்கள் போர்ட்ஃபோலியோக்களைப் பார்க்கக் காத்திருக்கும் அக்கா